கைக்கு முப்பது, உடம்புக்குப் பத்து

டாக்டருக்கு முன்னால் வந்தவன் ஏஜென்ட்.
பௌரிங் ஆஸ்பத்திரியில், கட்டிலுக்குக் கீழே
என் செருப்பு ஒற்றையாய்க் கிடந்தபோதே
விசிட்டிங் கார்டைத் தலையணைக்கடியில் செருகினான்.
"கார் நம்பர் இருக்கா? அது போதும்க்கா,
மத்ததெல்லாம் சார் பாத்துக்குவார்."
எனக்கு அப்போது
கட்டைவிரல் எங்கிருக்கிறதென்றே தெரியவில்லை.

அவனிடம் போகவில்லை.
ஐந்து மாதம் கழித்து, பிரிசில்லா சொல்லித்தான்
மேயோ ஹாலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்
வக்கீல் ஹேமாவதி.

படி பதினேழு.
இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறுகையில்
பாதியில் நின்றேன்.
யார் மேல் கேஸ் போடப்போகிறேன்?
டிரினிட்டி சர்க்கிளில் ஆட்டோ கவிழ்ந்ததும்
காரைவிட்டு ஓடிவந்து
தன் தண்ணீர் பாட்டிலை என் வாயில் வைத்தவன்,
அவன் பெயரையே எஃப்.ஐ.ஆரில்தான் படித்தேன்.
"அவன் மேல இல்லம்மா, இன்சூரன்ஸ் மேல" என்றார் வக்கீல்,
எல்லோரும் அந்தப் படியில் நிற்பார்கள் போலிருக்கிறது.

"என்ன வேலை?"
"புருவம் எடுக்கறேன்."
எழுதிக்கொண்டிருந்த ஜூனியர் நிமிர்ந்து பார்த்தான்.
நூலின் ஒரு நுனி பல்லில். மீதி இரண்டு கையில்.
நடுவில் முறுக்கு.
கட்டைவிரல் விரிந்தால் முறுக்கு ஓடும்,
ஓடினால் முடி வரும்.
இப்போது விரிவதில்லை.

"பில் புக்?"
"அம்பது ரூபாய்க்கு யாரு மேடம் பில் கேப்பாங்க?"
"பேங்க்ல போட்டது?"
"சாயங்காலமே காய்கறி ஆயிடும்."
"சாட்சி?"

அல்சூர் மார்க்கெட்டில் ஒரு மணி நேரம் நின்றால்
நூறு சாட்சி நடந்து போகும்.
அவர்கள் நெற்றிக்குக் கீழேதான்
நான் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன்.
இருபது நாளில் அதன்மேல் புல் முளைத்துவிடும்.

அவர் சிரிக்கவில்லை. அது பிடித்திருந்தது.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிவைத்துப் போட்டார்.
ரசீதில்லாதவளுக்குக் கோர்ட்டே ஒரு சம்பளம் வைக்குமாம்.
முப்பத்தெட்டு வயசா, பதினைந்தால் பெருக்கு.
டாக்டர் கைக்கு முப்பது சதவீதம் எழுதியிருக்கிறார்;
முழு உடம்புக்கு அதில் மூன்றில் ஒன்று, பத்து.
"கைதானே போச்சு,
மத்த உடம்பு இருக்கில்ல? அப்படித்தான் கணக்கு."

மத்த உடம்பை நினைத்துப் பார்த்தேன்.
காது, முழங்கால், முதுகு.
ஒன்றுக்கும் புருவம் எடுக்கத் தெரியாது.
வாய்விட்டே சொன்னேன்.
பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.
"இதை கோர்ட்ல சொல்லுங்க. இதே மாதிரி. அழாம."

பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல மடக்கினார்.
"நோவு இதெயா?"
கன்னடத்திலும் அது நோவுதான்.
நான் பல்லைக் கடித்தேன்.
"அங்க இப்படிக் கடிக்காதீங்க.
வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்.
நம்ம பொம்பளைங்க காசை விடறதே அந்த இடத்துலதான்."

ஃபீஸ் எவ்வளவு என்றேன்.
பணம் வந்த பிறகு, ஐந்தில் ஒன்று என்றார்,
அதை மட்டும் ஜன்னலைப் பார்த்து.
பின்னக் கணக்கில்தான் நான் பள்ளியில் ஃபெயில்.

வக்காலத்தில் இடது கையால் எழுதினேன்.
அமலோற்பவம்.
'ற்ப'வில் வந்து வழுக்கி
வேறு யாரோ ஒருத்தியின் பெயர்போல் முடிந்தது.
திருத்தப் போனேன்.
"விடுங்க, அதுவும் எவிடென்ஸ்" என்றான் ஜூனியர்.

எழும்போது பார்த்துவிட்டேன்.
வக்கீலின் இடது புருவ வால்
வலதைவிட அரை நெல் ஏறியிருந்தது.
யாரோ அவசரக்காரி நூல் போட்டிருக்கிறாள்.
ஜட்ஜ் முன்னால் இப்படியேதான் நிற்பார், எனக்காக.
சொல்லிவிடலாமென்று வாய்வரை வந்தது.
அதற்குள், துப்பட்டாவின் அடியில்,
வலது கை தானாகவே ஒருமுறை
முறுக்கிப் பார்த்தது.